கழுதை பார்த்த சுவர்

தினமும் மாலை நான்கரை மணிக்குப் பிலோமி தன் தம்பிக்குக் கழுதைக் கதை சொல்லுவாள். ஆறு மாதமாக ஒருநாள் தவறியதில்லை. தம்பி ரொசாரியோவுக்கு வடதுருவக் கப்பல் பாதையில் ஒரு துறைமுகத்தில் வேலை. அங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம். திரையின் அந்தப் பக்கம் ரொட்டியை மென்றுகொண்டே கேட்பான்.

“நேத்து எதுல நிறுத்துனேன்?”

“நிறுத்துன எடத்தல்லாம் விடுக்கா. முதல்லருந்து சொல்லு. அப்பதான் பதியும்.”

அவர்களுடைய அம்மா செலஸ்தீனாள் தூத்துக்குடியில் மீன்பிடி வள்ளங்களுக்குப் பெயரும் படமும் எழுதி வந்தவள். ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும் வழியில், உப்பளச் சாலையில் லாரி அடித்துப் போட்ட ஒரு கழுதை கிடந்தது. இடுப்பு ஒடிந்துவிட்டது. அதன் கூட்டம் மிரண்டு ஓடிவிட்டது. கிடந்த கிடையில் அதன் கண்ணுக்குத் தெரிந்தது உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் வெள்ளைச் சுவர் மட்டும்தான். அதைப் பார்த்துப் பார்த்துக் கத்தியது. அம்மா பெயிண்ட் டப்பாவைத் திறந்து அந்தச் சுவரில் கழுதைகளை வரைய ஆரம்பித்தாள். குட்டியோடு ஒன்று, காதைத் தொங்கப்போட்டு ஒன்று என்று பதினோரு கழுதைகள். வெயில் சாய்வதற்குள் அது கத்துவதை நிறுத்திவிட்டது. படத்தைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தது.

“வெறும் சுவரப் பாத்துக்கிட்டு ஒரு உசுரு போகக்கூடாதுன்னு சொன்னா அம்மா” என்று பிலோமி முடிப்பாள்.

அன்றைக்கு அம்மாவோடு இருந்தது ஒன்பது வயதுப் பிலோமி மட்டும்தான். ஆறு வயது ரொசாரியோ சித்தி வீட்டில் அம்மை போட்டுக் கிடந்தான். கண்ணால் பார்க்காததை அவன் பார்த்ததாக நினைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தத் தினசரிப் பாடம்.

சட்டம் அப்படி. இறந்தவர்களைப் போலவே எழுந்து நின்று பேசும் நினைவுருவை அரசாங்கமே செய்து தரத் தொடங்கிய காலத்தில், யார் எதைச் சொன்னாலும் சேர்த்துக்கொண்டார்கள். உயிரோடு இருந்தவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மாமனார்களெல்லாம் நினைவுருவாக எழுந்து வந்து மருமகனைப் புகழ்ந்து தள்ளினார்கள். ஊர் சிரித்தது. அதன்பிறகு வந்ததுதான் இருசாட்சி விதி. இரண்டு பேர் மூளையில் ஒன்றுபோல் இருக்கிற நினைவு மட்டுமே உருவில் சேரும். ஒப்புமானி என்ற கருவி வாயைக் கேட்காது, மண்டைக்குள்ளேயே பார்க்கும். ஆனால் நடந்ததையும், கேட்டுக் கேட்டு நடந்ததாகவே ஊறிப்போனதையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. ஆகவே சொல்லிச் சொல்லி நினைவைப் புகட்டும் இந்த ஊட்டல் தெருவுக்குத் தெரு நடந்தது. பிடிபட்டால் குற்றம், நினைவும் ரத்து.

பிலோமிக்கு வேறு வழியில்லை. அம்மா இறந்ததும் செய்த மாதிரி உருவை அவள் பார்த்திருந்தாள். செலஸ்தீனாள் மனிதர்களோடு இருந்த நேரத்தைவிட நாய், பூனை, காக்கைகளோடு இருந்த நேரம்தான் அதிகம். அவை சாட்சி சொல்லாது. குடியிருப்புக்காரர்கள் சொன்னார்கள். லிஃப்டில் நாய் முடி, மாடிப்படிச் சுவரெல்லாம் படம், எந்நேரமும் சண்டை. பதினைந்து பேர் மூளையில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தது. மாதிரி உரு வாயைத் திறந்தால், “எந்த நாசமாப் போறவன்ல நாய் மேல கல்லெறிஞ்சது?” என்றுதான் கேட்டது. மறுபடியும் அதையே கேட்டது. வேறு எதுவும் அதற்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டு வந்த அன்று பிலோமி சோற்றில் கை வைக்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்குள் இந்தக் கழுதை நினைவைச் சேர்க்காவிட்டால் உரு முத்திரையிடப்பட்டுவிடும். அப்புறம் என்றைக்கும் அம்மா அந்தச் சண்டைக்காரிதான்.

ஒப்பு பார்க்கும் நாள் வந்தது. பிலோமி தூத்துக்குடி அலுவலகத்தில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். ரொசாரியோ அவனிருந்த ஊர்த் தூதரகத்தில் மாட்டிக்கொண்டு திரையில் தெரிந்தான். அதிகாரி முத்துச்செல்வி நல்ல மாதிரி. மேசையில் இருந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லிவிட்டுக் கருவியை ஓட்டினாள்.

“அம்மா ஒத்துப்போறாங்க. கழுதை ஒத்துப்போகுது. படம்கூட பதினொண்ணும் சரியா இருக்கு” என்றாள். பிலோமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“ஒரே ஒரு முரண்தான். பக்கத்துல ஒரு பிள்ளை நிக்குது. உங்க நினைவுல அது நீங்க. டிஃபன் மூடியில கழுதைக்குத் தண்ணி குடுக்கீங்க. உங்க தம்பி நினைவுல அது அவர். குடை பிடிச்சிட்டு நிக்கார்.”

பிலோமிக்குத் தன் தவறு உறைத்தது. ஆறு மாதக் கதையில் அவள் தன்னைச் சொல்லவே இல்லை. எதைச் சொன்னாலும் தன்னை விட்டுவிட்டுச் சொல்வது அவள் பழக்கம். அம்மா செய்ததைச் சொன்னாள், கழுதை பட்டதைச் சொன்னாள், தான் நின்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டாள். அந்த இடத்தில் அவன் போய் நின்றுகொண்டான்.

“லே ரொசாரி, நல்லா யோசிச்சுச் சொல்லு. அன்னைக்கு நீ எங்க இருந்த?”

“இதென்னக்கா கேள்வி? நீதான சித்தி வீட்ல அம்மை போட்டுக் கெடந்த?” அவன் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. “குடை பிடிச்சுப் பிடிச்சு எனக்குக் கை கடுத்துப் போச்சு.”

நான் சொல்லிக் கொடுத்ததுதானேடா என்று பிலோமி கத்த வாயெடுத்தாள். கத்தினால் ஊட்டல் வெளிப்பட்டுவிடும், எல்லாம் ரத்து.

“ரெண்டு பேர்ல ஒருத்தர் விலகினா காட்சி சேரும்” என்றாள் முத்துச்செல்வி. “விலகுறவங்க அந்த இடத்துல இல்லைன்னு ஆகிடும். யாரும் விலகலைன்னா மொத்தத்தையும் தள்ளிடுவோம்.”

“தம்பி, நீ விலகிக்கயேன்.”

ரொசாரியோ தலையைக் குனிந்துகொண்டான். “உனக்கு அம்மாவோட அம்பது வருசம் இருக்குக்கா. என்னை ஏழு வயசுல ஹாஸ்டல்ல விட்டாச்சு. எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான். இதையும் இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்?”

வேண்டுமென்றே பிடுங்கினால் சண்டை போடலாம். இவன் அழுதுகொண்டிருந்தான். பிலோமி திரையையும் விலகல் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ‘அன்று அவ்விடத்தில் இருந்தீர்களா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்பதில் பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

கல்லறைத் திருநாளன்று காலைப் பூசை முடிந்ததும் அம்மாவின் கல்லறைக்குப் போனாள். மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு நினைவுருவை எழுப்பினாள். செலஸ்தீனாள் சேலையில் பெயிண்ட் கறையோடு வந்து நின்றாள். கல்லெறிந்தது யார் என்று கேட்கவில்லை. மகளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. பிலோமி விம்மிவிட்டாள்.

“ஏன்ளா அழுத? உக்காரு” என்றாள் அம்மா. “உப்பளத்து ரோட்டுல ஒரு கழுதை அடிபட்டுக் கெடந்துச்சே, உனக்குத் தெரியாதுல்லா? நீ சித்தி வீட்ல அம்மை போட்டுக் கெடந்த. பாவம், தம்பிதான் கூட நின்னான். நீ இருந்திருந்தா உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்.”

தண்ணீரை நக்கிய அந்த நாக்கு எவ்வளவு சொரசொரப்பாக இருந்தது என்பது பிலோமியின் உள்ளங்கைக்குத் தெரியும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லறை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“தெரியாதும்மா” என்றாள். “சொல்லு, கேக்கேன்.”