புளியமரத்து விரால்

செல்வி வீட்டில் ஒரு சண்டை உண்டு. மீன் குழம்பு கொதிக்கிற நாளெல்லாம் அது தவறாமல் நடக்கும். ஆற்று மீன் உசத்தியா, ஏரி மீன் உசத்தியா?

அப்பா சுப்புராயன் ஆற்றுக் கட்சி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற கோமுகி ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வளர்ந்த மீனுக்குத்தான் சதை கெட்டி என்பார். ஏரி மீன் படுத்துத் தூங்குகிற சோம்பேறி, வாயில் வைத்தால் சேற்று நாற்றம் அடிக்கும் என்று மூக்கைப் பொத்திக் காட்டுவார்.

அம்மா அமிர்தம் ஏரிக்கரை ஊரில் பிறந்தவள். விடுவாளா? "ஆத்து மீன்ல முள்ளு எடுக்கவே கூலிக்கு ஆள் வெக்கணும்" என்பாள். கடைசியில் இரண்டு பேருமே சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

ஐந்தாம் வகுப்பு படிக்கிற செல்வி அப்பா கட்சி. அப்பாவோடு ஆற்றில் தூண்டில் போட்டே வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு எதிர்க்கட்சி ஷீபா. ஏரிக்கரைத் தெருப் பெண். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தால் போதும், இரண்டு பேரும் ஆரம்பித்துவிடுவார்கள்.

1987ஆம் வருஷத்துப் புரட்டாசியில் இந்தச் சண்டையெல்லாம் நின்றுபோனது. சண்டை போட அப்பா வீட்டில் இல்லை.

அப்போது இட ஒதுக்கீடு கேட்டுப் பெரிய மறியல் நடந்தது. படிப்பிலும் அரசாங்க வேலையிலும் தங்கள் சனத்துக்கும் தனியாக இடம் வேண்டும் என்று ஊர் ஊராகச் சாலையில் இறங்கினார்கள். "எம் பொண்ணு காலேஜுக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பாவும் கோடரியோடு கிளம்பினார். ஏரிக்கரை ரோட்டில் நின்ற பெரிய புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். மரம் விழுந்த சத்தத்தில் செல்வியும் மற்றப் பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

மறுநாள் போலீஸ் வேன் வந்தது. அப்பாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மறியல் முடிந்தது, மரத்தை ரோட்டிலிருந்து ஏரிப் பக்கம் தள்ளிவிட்டார்கள், பஸ் மறுபடி ஓடியது. அப்பா மட்டும் ஜெயிலிலிருந்து வரவில்லை.

வீடு களையிழந்து போனது. அம்மா தட்டில் சோற்றைப் போடுவாள், பிசைவாள், வாசலைப் பார்ப்பாள், தட்டைத் தள்ளிவிடுவாள். அவள் மடியில் கைக்குழந்தை. பெயர்கூட வைக்கவில்லை, அப்பா வந்துதான் வைக்க வேண்டும். அம்மா சாப்பிடாததால் பால் சுரக்கவில்லை. தம்பிப் பாப்பா அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது.

பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு விரால் கெடச்சா கொழம்பு வெச்சிக் குடுங்க. பால் ஊறும், ஒடம்பும் தேறும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விரால் சொல்லிவிட்டால் வந்துவிடுமா? புரட்டாசியில் ஊரில் பாதி வீடுகள் கவிச்சி தொடாது, பிள்ளை பெற்றவளுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால் மீன்காரர் சைக்கிளும் வருவதில்லை.

செல்வி அப்பாவின் மூங்கில் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினாள். மலையில் பெய்த மழையால் ஆறு செம்மண் கலங்கலாய்ப் புரண்டு போய்க்கொண்டிருந்தது. அதில் தூண்டில் போட்டால் தூண்டிலே மிஞ்சாது. மேலும் விரால் ஓடுகிற தண்ணீரில் நிற்கிற மீனும் இல்லை.

வேறு வழியே இல்லை. அப்பா சிரிப்பாரே என்ற வெட்கத்தோடு செல்வி ஏரிப் பக்கம் திரும்பினாள்.

மேகம் கவிந்து ஏரி ஈயம் பூசினது போல் அசையாமல் கிடந்தது. செல்வி மண்புழுவைக் கோத்து ஆற்றில் போடுகிற மாதிரியே வீசினாள். ஆற்றில் என்றால் தண்ணீரே தக்கையை இழுத்துப்போய் மீனிடம் விடும். இங்கே தக்கை விழுந்த இடத்திலேயே நின்று அவளைப் பார்த்தது. எவ்வளவு நேரம் போனாலும் ஒரு அசைவு இல்லை. செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கோரைப்புல் ஓரமாக அதைப் பார்த்தாள். தண்ணீரில் குங்குமம் கரைத்த மாதிரி ஒரு சிவப்பு. அது மெல்ல நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் எல்லாம் பொடிப் பொடியான மீன் குஞ்சுகள். மேலே வந்து வாயைத் திறப்பதும், உள்ளே போவதுமாக இருந்தன.

பொடி மீன் கூடுகிற இடத்தில், அதைத் தின்னப் பெரிய மீன் ஒன்று பின்னாலேயே நிற்கும். ஆற்றில் அப்பா சொல்லிக் கொடுத்த பாடம். செல்வி சிவப்புக்கு நடுவில் தூண்டிலைப் போட்டாள்.

தக்கை அமுங்கவில்லை, காணாமலே போய்விட்டது. மூங்கில் வளைந்தது. செல்வி இழுத்த இழுப்பில் முழங்கை நீளத்துக்கு ஒரு கரும் விரால் புல்லில் வந்து விழுந்து துள்ளியது. அவள் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா சாப்பிடுவாள், பாப்பாவுக்குப் பால் கிடைக்கும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

"நல்லா இருக்குதுடி நீ புடிக்கிற மீனு."

திரும்பினால் கரைமேல் ஷீபா. கையில் தூண்டில். மறியலுக்குப் பிறகு செல்வி தெருவுக்கும் ஏரிக்கரைத் தெருவுக்கும் பேச்சு இல்லை. ஷீபாவும் செல்வியும் பேசிக்கொள்வதே இப்போதுதான்.

"குஞ்சிங்கள தின்ன வந்துச்சி. அதான் புடிச்சேன்" என்றாள் செல்வி.

"தின்ன வரல. அதுதான் அதுங்களுக்குக் காவலு" என்றாள் ஷீபா. "விரால் அப்படித்தான், குஞ்சு பொரிச்சா அப்பனும் ஆத்தாளும் உட்டுட்டுப் போவாது. கிட்ட எது வந்தாலும் பாஞ்சி கடிக்கும். ஒன் தூண்டிலயும் அப்படித்தான் கடிச்சிருக்குது. குஞ்சு மேல தூண்டில் போடறது எங்க தெருவுல கெடையாது."

செல்வி தண்ணீரைப் பார்த்தாள். சிவப்புக் கூட்டம் சிதறிவிட்டது. குஞ்சுகள் திசை தெரியாமல் அங்கங்கே ஓடிக்கொண்டிருந்தன.

"இனிமே கெளுத்தி வந்து ஒவ்வொண்ணா தின்னுடும்" என்ற ஷீபா, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எடுத்துக்கினு போ. மரத்தையே வெட்டிட்டீங்க. மீனயா உடப் போறீங்க?"

செல்விக்குச் சுருக்கென்றது. கைக்குள் விரால் வாயைத் திறந்து திறந்து மூடியது. இதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாவிட்டால் அம்மா இன்றைக்கும் தட்டைத் தள்ளிவிடுவாள். ஆனால் கண் முன்னால் அந்தக் குஞ்சுகள் ஓடிக்கொண்டே இருந்தன. அப்பா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவள் தூண்டில் முள்ளை மெதுவாகக் கழற்றினாள். தண்ணீரில் இறங்கி, விராலைக் கோரைப்புல் ஓரத்தில் விட்டாள். அது கொஞ்ச நேரம் மயங்கி நின்றது. பிறகு வாலை ஒரு வெட்டு வெட்டி உள்ளே போனது. செல்வி முட்டளவு தண்ணீரில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

ஷீபா இதை எதிர்பார்க்கவில்லை. கரையிலிருந்து இறங்கி வந்து, எதற்கு விரால் என்று கேட்டாள். செல்வி அம்மாவைப் பற்றியும் பாப்பாவைப் பற்றியும் சொன்னாள்.

"எனக்கும் விரால்தான் வேணும். எங்கம்மாவுக்கு" என்றாள் ஷீபா.

மறியல் நடந்தபோது அவள் அம்மா மார்கரெட்டுக்குக் கடுமையான காய்ச்சல். பஸ் இல்லை. அப்பா ராயப்பன் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். மரம் கிடக்கிற இடத்திலெல்லாம் அம்மாவை இறக்கி, தோளில் தூக்கித் தாண்ட வேண்டியிருந்தது. உயிர் பிழைத்ததே பெரிய பாடு. இன்னும் எழுந்து நடக்க முடியவில்லை.

"மொதல்ல தூக்கித் தாண்டுனது அந்தப் புளியமரத்ததான்" என்றாள் ஷீபா.

எங்கப்பா எனக்காகத்தான் வெட்டினார் என்று சொல்ல செல்வி வாயெடுத்தாள். அந்தப் பேச்சு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அன்றைக்குக் கைதட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"ஷீபா, நான் அன்னிக்குக் கைதட்டனேன்" என்றாள்.

ஷீபா கரைப் பக்கம் திரும்பினாள். ஆனால் போய்விடவில்லை.

இரண்டு பேரும் கொஞ்ச தூரத்தில் கிடந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடிமரம் கரையில் கிடந்தது. கிளையெல்லாம் ஏரிக்குள் முழுகியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்த செல்வியின் முகம் மாறியது. அங்கே யாராவது தூண்டில் போட்டார்களா என்று கேட்டாள்.

யாரும் போடவில்லை என்றாள் ஷீபா. கிளையில் மாட்டித் தூண்டில் நரம்பு அறுந்துபோகும். அவள் அப்பா அந்த மரத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"ஆத்துல மரம் சாஞ்சி கெடந்தா, அதுக்குள்ளதான் மீனு ஒதுங்கும். ஏரி மீனுக்கு மட்டும் நெழலு கசக்குமா?" என்றாள் செல்வி.

"வீசனா மாட்டிக்குமே."

"வீச வேணாம். மேல போயி நேரா எறக்கணும்."

அது ஆற்று வித்தை. ஆனால் இரை ஏரி வித்தை. மண்புழுவை விரால் சீண்டாது, துடிக்கிற இரையாக இருக்க வேண்டும் என்று ஷீபா புல்லுக்குள் பாய்ந்து ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தாள். செல்வி அடிமரத்தில் ஏறித் தவழ்ந்தாள். விழுந்துவிடப் போகிறாளே என்று ஷீபா பின்னாலேயே தவழ்ந்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளைகளுக்கு நடுவே குடத்து வாயளவுக்குத் தண்ணீர் தெரிந்தது. செல்வி தக்கையைக் கழற்றிவிட்டு நரம்பை நேராக இறக்கினாள். வெட்டுக்கிளி தண்ணீரைத் தொடுவதும் எழும்புவதுமாக ஆட்டச் சொன்னாள் ஷீபா. அப்படியே ஆட்டினாள்.

சளக்கென்று தண்ணீர் உடைந்தது. செல்வி மேலே தூக்க, ஷீபா பின்னால் இழுக்க, பாவாடை டர்ரென்று கிழிந்தது. மூன்று பேரும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது ஆள் விரால்.

"குஞ்சு இருக்குதான்னு பாரு" என்றாள் செல்வி உடனே.

ஷீபா மறுபடி மரத்தில் ஏறிப் போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தாள். சிவப்பு எங்கேயும் இல்லை. இது தனி ஆள்.

மீன் ஒன்று, அம்மா இரண்டு பேர். ஷீபா வீட்டு அரிவாள்மனையில் மீனை இரண்டாக நறுக்கினார்கள். தலைப் பக்கம்தான் ருசி, சத்தும் அதில்தான். நீ எடுத்துக்கொள் என்றாள் செல்வி. உனக்குத்தான் பாப்பா இருக்கிறது என்றாள் ஷீபா. பள்ளிக்கூடத்துச் சண்டை போலவே இதுவும் முடிகிற வழியாக இல்லை.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த மார்கரெட் யார் அது என்று கேட்டாள். செல்வியின் பெயரை ஷீபா சொன்னாள்.

"சுப்புராயன் மவளா?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அமிர்தம் பச்ச புள்ளக்காரி. தலப்பக்கத்த அதுக்குக் குடுத்தனுப்பு" என்றாள் மார்கரெட்.

வீட்டில் அம்மா மீன் எங்கே கிடைத்தது, எங்கே நறுக்கியது என்று கேட்டாள். செல்வி ஒன்றையும் மறைக்கவில்லை. மறுபடி எட்டிப் பார்த்த கொளஞ்சியம்மாள், அந்தத் தெரு வீட்டிலா நறுக்கியது என்று இழுத்தாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மார்கரெட்டு எழுந்து நடக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா போனதிலிருந்து அவள் இன்னொருவரைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு எழுந்து, தானே புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தாள்.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாயும் சாப்பிட்டாள். செல்வி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏரி மீனு ஏரி மீனுதான்" என்றாள் அம்மா, வாசலைப் பார்த்து. பழக்கத்தில் வந்துவிட்ட பேச்சு. பதில் சொல்ல வாசலில் யாரும் இல்லை. அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

செல்வி எழுந்து வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். அப்பா மாதிரியே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா அமிர்தம், சேத்து நாத்தம் அடிக்கலியா?"

அம்மா சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஆத்து மீன்ல முள்ளு எடுக்க ஆள் எங்க?" என்று வாசலுக்குப் பதில் சொன்னாள்.

அப்புறம் சட்டியைப் பக்கத்தில் இழுத்து, சோற்றைப் போட்டு வழித்தாள்.