மூடிய குழாயில் ஒரு கொலை!

"அய்யோ… எங்க மாமாவைக் கொன்னுட்டாளே! இந்தப் பாவி கொன்னுட்டாளே!"

ஆனையூர் வைகைச்சுடர் மருத்துவமனையின் மூன்று மாடிக்கும் கேட்டது அந்த அலறல்.

அலறியவன் அருள்பாண்டி. ஆஸ்பத்திரி மேனேஜர். உள்ளே தீவிர சிகிச்சை அறையில் கிடந்த உக்கிரபாண்டிக்கு மருமகன்.

உக்கிரபாண்டி டி. கல்லுப்பட்டிக்காரர். ஆஸ்பத்திரி நிற்கும் நிலம் அவருடையது. வருகிற வெள்ளிக்கிழமை அதை ஏழைகளின் இலவச வைத்தியத்துக்கென்று எழுதி வைப்பதாக இருந்தார்.

அதற்குள் கால் எலும்பு முறிந்தது. நேற்று ஆபரேஷன். இன்று காலை வலி தாங்காமல் முனகினார். நர்ஸ் தங்கப்பொண்ணு ஒரு வலி ஊசி போட்டாள்.

அவ்வளவுதான்!

முகம் வீங்கியது. தொண்டை அடைத்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இப்போது கதவு திறந்தது.

தலைமை டாக்டர் நல்லகாமன் வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். தலையை இடதும் வலதுமாக அசைத்தார். ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அதைப் பார்த்துத்தான் அந்த அலறல்!

டாக்டருக்குப் பின்னாலேயே வந்தாள் இன்ஸ்பெக்டர் தமிழ்வாணி. கதவை இழுத்துச் சாத்தினாள். பக்கத்தில் ஏட்டு தவசியை நிறுத்தினாள்.

"யாரும் உள்ள போகக்கூடாது. யாரும் கீழ இறங்கவும் கூடாது."

"மேடம், முதல்ல இவ கையில விலங்கைப் போடுங்க!" அருள்பாண்டியின் விரல் தங்கப்பொண்ணுவின் முகத்துக்கு நேராக நீண்டது. "எங்க மாமாவுக்கு அந்த ஊசி ஒத்துக்காதுன்னு கம்ப்யூட்டர்ல செவப்பாப் போட்டிருக்கு! கண்ணு தெரியலையா இவளுக்கு? எழுத்துத் தெரியலையா? ஆடு மேய்ச்ச குடும்பத்துக்கெல்லாம் வெள்ளைச் சட்டை மாட்டி விட்டா இப்படித்தான்!"

தங்கப்பொண்ணு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"செவப்பு இல்லைங்க மேடம்… சத்தியமா இல்லை. பாத்துட்டுத்தான் போட்டேன். ரெண்டு தடவை பாத்தேன்."

"பொய்! வாங்க, இப்பவே காட்டுறேன்!"

நர்ஸுகளின் மேஜையில் இருந்த திரையை அருள்பாண்டி திருப்பினான்.

உக்கிரபாண்டி. வயது அறுபத்தெட்டு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், சிவப்பாக…

'வலி ஊசி ஒவ்வாது!'

கூடியிருந்தவர்கள் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

தங்கப்பொண்ணு திரையைப் பார்த்தாள். பேயைப் பார்த்தவள் போல் பார்த்தாள்.

"இது… இது காலையில இல்லைங்க…"

"கேட்டீங்களா மேடம்? செவப்பு தானா முளைச்சிருக்காம்! இவளுக்கு வேலையில என்னைக்கு கவனம் இருந்திருக்கு? ஊசியப் போட்டமா, அடுத்த பெட்டுக்குப் போனமான்னு இருக்க மாட்டா. கெழடு கட்டைக கையப் பிடிச்சுக்கிட்டு 'சாப்டீங்களா, தூங்குனீங்களா'ன்னு ஊர்க்கதை! எம்புட்டு தடவை ஏசியிருக்கேன் தெரியுமா!"

"அருள்பாண்டி சார், கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க. இது ஆஸ்பத்திரி."

"என் மாமா செத்திருக்காரு மேடம்!"

"அதான் சொல்றேன். மத்தவங்களாவது பிழைக்கட்டும்."

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மேடம்… அந்தக்கா பொய் சொல்லாது. அதைப் பாத்துரலாம்."

எல்லாரும் திரும்பினார்கள்.

சுடலை. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அவன் பொறுப்பு. ஒல்லியான உடம்பு, கழுத்தில் அடையாள அட்டை.

"நீ யாருப்பா? எதைப் பாக்கலாம்ங்குற?"

"இங்க டேட்டாபேஸ்ல எது மாறினாலும் மேடம், அந்த நிமிஷமே கிளவுடுக்குப் போயிரும். நம்ம கல்லுப்பட்டி கிளை, லேப், மருந்துக்கடை, ஆம்புலன்ஸ் எல்லாத்துக்கும் உடனே தெரியணும்ல? அதுக்காக ஓடை மாதிரி ஒரு ஸ்ட்ரீம் ஓடுது. இந்தத் திரையில தெரியுறது கடைசியா இருக்கறது மட்டுந்தான். ஸ்ட்ரீம்ல அப்படியில்லை. முன்னாடி என்ன இருந்துச்சு, பின்னாடி என்னவா மாறுச்சு, யாரு மாத்துனா… ஒவ்வொரு மாத்தமும் வரிசையா நிக்கும். போனது போனதுதான். அழிக்க முடியாது."

அருள்பாண்டி சிரித்தான். இழவு வீட்டில் சிரிக்கிற சிரிப்பா அது?

"பெரிய விஞ்ஞானி! மேடம், காலையில அந்த ஸ்ட்ரீமே ஓடலை. நிறுத்தி வச்சிருந்துச்சு. கேளுங்க இவன்கிட்ட!"

"அப்படியா சுடலை?"

"ஆமா மேடம். கம்ப்யூட்டர் மெதுவா இருக்கு, கொஞ்ச நேரம் நிறுத்துன்னு சொன்னாங்க. நிறுத்துனேன்."

"யாரு சொன்னா?"

சுடலை மேனேஜரைப் பார்த்தான்.

"நான்தான் சொன்னேன்! அதுக்கென்ன இப்ப? கம்ப்யூட்டர் மெதுவா ஓடுனா நிறுத்தச் சொல்றது கொலைக் குத்தமா? நின்ன நேரத்துல எது மாறியிருந்தாலும் அதுல ஏறியிருக்காது. அம்புட்டுதான் விஷயம். இவளை வண்டியில ஏத்துங்க!"

"ஏறியிருக்கும் சார்," என்றான் சுடலை மெதுவாக.

"என்னடா சொல்ற?"

"வீட்டுல குழாயை மூடுறோம். தண்ணி நிக்குது. அதுக்காக டேங்க்ல தண்ணி இல்லாமப் போயிருமா? டேட்டாபேஸ் தனக்குன்னு ஒரு லாக், டைரி மாதிரி, எழுதிக்கிட்டே இருக்கும் சார். ஸ்ட்ரீம் அதைப் பாத்துத்தான் ஓடுது. நிறுத்துனா, எந்த இடத்துல நின்னோம்னு ஞாபகம் வச்சுக்கும். திறந்து விட்டா அந்த இடத்துல இருந்து ஒண்ணு விடாம எடுத்து அனுப்பும். நான் திறந்து விட்டு ரொம்ப நேரம் ஆச்சு."

அருள்பாண்டியின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது.

தமிழ்வாணி அதைப் பார்த்தாள். பார்க்காதது போல் இருந்தாள்.

"திற பாப்போம்!"

சுடலை தன் மடிக்கணினியை விரித்தான். விரல்கள் பறந்தன. வரி வரியாக எழுத்துகள் இறங்கின.

"இந்தா மேடம்! உக்கிரபாண்டி அய்யா பேரு. ஒவ்வாமைக் கட்டம். முன்னாடி 'வலி ஊசி ஒவ்வாது'. பின்னாடி… 'ஒன்றும் இல்லை'!"

"அடப்பாவி!" என்றார் யாரோ.

"ஊசி போட்டதுக்கு அப்புறம், மறுபடியும் 'வலி ஊசி ஒவ்வாது'ன்னு மாத்தியிருக்காங்க. அந்தக்கா பாத்தப்ப செவப்பு இருந்திருக்காது மேடம். எடுத்துட்டு, திரும்ப வச்சிருக்காங்க!"

தங்கப்பொண்ணு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"யாரு மாத்துனது? பேரு இருக்கும்னு சொன்னியே. படி."

சுடலை வாயைத் திறந்தான்.

மூடினான்.



"படிப்பா!"

"மேடம்… சுடலைன்னு இருக்கு. என்… என் லாகின்."

அடுத்த நொடி அருள்பாண்டியின் கை சுடலையின் சட்டைக் காலரில் இருந்தது!

"கேட்டீங்களா! ரெண்டு பேரும் கூட்டு! இவன் மாத்துவான், அவ குத்துவா! எவன்கிட்டடா கை நீட்டுன? சொல்றா நாயே!"

"சார்… நான் சீட்லயே இல்லை சார்! கீழ பில்லிங்ல பிரின்டர் ஓடலைன்னு போயிருந்தேன். கம்ப்யூட்டரைப் பூட்டாமப் போயிட்டேன்…"

"கீழ போகச் சொன்னது யாரு?" என்றாள் தமிழ்வாணி.

"மேனேஜர் சார்தான்…"

"பிரின்டர் ஓடலைன்னா கம்ப்யூட்டர்காரனை அனுப்பாம காய்கறிக்காரனையா அனுப்புவாங்க? மாட்டிக்கிட்டதும் என் பேரை இழுக்குறான் பாருங்க! அவனியாபுரத்துல இருந்து எங்க ஆளுக வந்துக்கிட்டு இருக்காங்க மேடம். அவங்க வரதுக்குள்ள இதுக ரெண்டையும் கூட்டிட்டுப் போயிருங்க. அப்புறம் நான் பொறுப்பில்லை!"

"காலரை விடுங்க."

"மேடம்…"

"விடுங்கன்னேன்!"

விட்டான்.

தமிழ்வாணி திரையருகே குனிந்தாள். வரிகளை மேலிருந்து படித்தாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

"சுடலை, செவப்பை எடுக்கறதுக்கு முன்னாடியே இங்க ஒரு மாத்தம் இருக்கே?"

"அது கீழ இருக்கற குறிப்புக் கட்டம் மேடம். யாரோ ஒரே ஒரு எழுத்தைத் தட்டியிருக்காங்க. தட்டி, உடனே அழிச்சிருக்காங்க. இந்த சாஃப்ட்வேர்ல எதைத் தட்டினாலும் தானா சேவ் ஆயிரும். அதான் ரெண்டும் ஏறியிருக்கு."

தமிழ்வாணி அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

"தவசி! ஆளுக்கு ஒரு வெள்ளைப் பேப்பர் குடு. நர்ஸ், சுடலை, மேனேஜர், மூணு பேரும் காலையில இருந்து என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க. உங்க கையாலயே."

"நானுமா?" அருள்பாண்டி முறைத்தான். "போலீசுக்குப் போன் பண்ணதே நான்தான்!"

"அதையும் சேத்து எழுதுங்க."

எழுதினார்கள்.

தங்கப்பொண்ணுவின் தாளில் பாதி கண்ணீர். சுடலை தப்பும் அடித்தலுமாக எழுதினான். அருள்பாண்டி மட்டும் முத்து முத்தாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை மேஜையில் விசிறினான்.

தமிழ்வாணி மூன்றையும் வாங்கினாள். ஒன்றை மேலே வைத்தாள்.

"அழகான எழுத்து சார் உங்களுக்கு."

"அதுக்கு இப்ப என்ன?"

"மூணு பேர்ல நீங்க மட்டுந்தான் தாள் உச்சியில பிள்ளையார் சுழி போட்டிருக்கீங்க."

"எங்க அப்பா பழக்கம். சுழி போடாம ஒரு வரி எழுத மாட்டேன். சாமி கும்பிடுறது தப்பா?"

"தப்பே இல்லை. கம்ப்யூட்டர்லயும் போடுவீங்களோ?"



தமிழ்வாணி மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள்.

குறிப்புக் கட்டம். முன்னாடி: வெறுமை. பின்னாடி: 'உ'.

அடுத்த வரி. முன்னாடி: 'உ'. பின்னாடி: வெறுமை.

அதற்கடுத்த வரியில்தான் ஒரு மனிதரின் உயிரைக் காத்து நின்ற சிவப்பு எழுத்து அழிக்கப்பட்டிருந்தது.

கொலைக்குப் போகிறவனும் பிள்ளையாரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் போகிறான்! கூப்பிட்டால் அவர் வரத்தான் செய்வார். ஆனால் யார் பக்கம் நிற்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

"இ… இதெல்லாம் ஒரு சாட்சியா?" அருள்பாண்டி கத்தினான். "மதுரையில பாதிப் பேரு உ போடுவான்! அம்புட்டுப் பேரையும் பிடிப்பீங்களா?"

"மாட்டேன். நீங்க சொல்றது வாஸ்தவம். சுடலையோட கீபோர்டை கைரேகைக்கு அனுப்பப் போறேன். அதுவும் இருக்கட்டும். எனக்கு முதல்ல உறுத்துனது வேற சார். மாமனாருக்கு மூச்சுத் திணறுதுன்னா எந்த மனுஷனும் டாக்டர்னுதான் கத்துவான். நீங்க போலீசுக்குப் போன் பண்ணீங்க."

அருள்பாண்டி பின்னால் நகர்ந்தான். முதுகில் தவசியின் தொப்பை இடித்தது.

"எங்க சார், அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?" என்றார் தவசி.

"இன்னொரு சாட்சியும் இருக்கு," என்றாள் தமிழ்வாணி. "டாக்டர், கதவைத் திறங்க."

டாக்டர் நல்லகாமன் தீவிர சிகிச்சை அறைக் கதவைத் தள்ளினார்.

சக்கர நாற்காலி ஒன்று மெல்ல வெளியே வந்தது!

கட்டுப் போட்ட கால். வீங்கிய முகம். மூக்கில் ஆக்சிஜன் குழாய். நெற்றியில் கலையாத திருநீறு.

உக்கிரபாண்டி!

"அய்யா!" என்று தங்கப்பொண்ணு ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

அருள்பாண்டியின் கண்கள் பிதுங்கின. அவனுடைய வாய் அவனுடைய பேச்சைக் கேட்கவில்லை.

"எப்… எப்படி? அவ ஊசியப் போட்டுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்குமே! எம்புட்டு தடவை சொன்னேன்… போகலையாடி நீ? போகலையா?"



சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது.

"போகலைங்க," என்றாள் தங்கப்பொண்ணு. "அய்யா வலியில முனகிக்கிட்டு இருந்தாரு. தனியா விட்டுட்டுப் போக மனசு வரலை. கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே குரல் மாறுச்சு. உடனே கத்தி டாக்டரைக் கூப்பிட்டேன்…"

"அவ அந்த இடத்துல இல்லைன்னா நான் வந்து பிரயோஜனமே இல்லை," என்றார் டாக்டர்.

"ஆனா நீங்கதானே மாமா செத்துட்டாருன்னு…" அருள்பாண்டி முனகினான்.

"நான் எப்பய்யா சொன்னேன்? தலையை ஆட்டினேன். எனக்குக் கழுத்து வலி."

தமிழ்வாணி தங்கப்பொண்ணுவின் தோளில் கை வைத்தாள்.

"மன்னிச்சிரும்மா. உன்னை இம்புட்டு நேரம் அழவிட்டது என் தப்பு. அய்யா பிழைச்சுட்டாருன்னு தெரிஞ்சா இந்த ஆளு இன்னொரு தடவை முயற்சி பண்ணுவான். செத்துட்டாருன்னு நம்புனாத்தான் வாயைத் திறப்பான்."

"அய்யா உசுரோட இருக்காருல்ல மேடம்… அது போதும்."

தவசி விலங்கை மாட்டினார். க்ளிக்!

சுடலை கசங்கிய காலரைச் சரி செய்துகொண்டு, ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து மேனேஜரின் முன்னால் நீட்டினான். அருள்பாண்டி அவனை நிமிர்ந்து பார்க்க முடியாமல் வாங்கிக் குடித்தான்.

உக்கிரபாண்டி கையை நீட்டினார். தமிழ்வாணி அந்த வாக்குமூலத் தாளை அவரிடம் கொடுத்தாள். உச்சியில் இருந்த சுழியை வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பானேன்? இன்னைக்கே நிலத்தை எழுதி வச்சுர்றேன்," என்றார். "மாப்ள…"

அருள்பாண்டி தலையைத் தூக்கினான்.

"சுழி எல்லாம் சரியாத்தான் போட்டிருக்க. நம்ம கணக்கு நோட்டு வழக்கப்படி அதுக்குக் கீழ 'லாபம்'னு எழுத மறந்துட்டியே மாப்ள!"