காலியாகாத லாக்கர்

வேலையை விட்டு அனுப்பத் தெரிந்தவர்களுக்குக் கணக்கைத் தீர்க்க மட்டும் மனம் வரவில்லை. பாய்லர்காரர் இன்றும் சாயப்பட்டறைக்கு வந்து நின்றார். உள்ளே வெந்நீரும் மருந்தும் கலந்த அதே நெடி. மாதக் கடைசிக்குள் வாடகை பாக்கி வராவிட்டால் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

அடையாள அட்டை, பூட்ஸ், கையுறை எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. லாக்கர் காலி என்று ஸ்டோர்காரர் கையெழுத்துப் போட்டால்தான் மேனேஜர் பணத்தை விடுவார். அந்தப் பாழாய்ப்போன லாக்கர் காலியானால்தானே? எத்தனை முறை துடைத்துவிட்டுப் போனாலும், அடுத்த முறை திறக்கும்போது உள்ளே ஒரு பட்டறைச் சட்டை ஈரமாகத் தொங்கும். யாரோ விளையாடுகிறார்கள் என்று இவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

இன்று ஸ்டோர்காரரின் கண்ணெதிரிலேயே துடைத்துப் பூட்டினார். உடனே திறந்தார்.

சட்டை தொங்கியது.

நீலத் தண்ணீர் தரையில் சொட்டியது.

"இது சாயமாஸ்டர் சட்டைங்க," என்றார் ஸ்டோர்காரர். "உங்களுக்கு முன்னாடி இது அவரோட லாக்கர்."

அவரையும் இப்படித்தான் அனுப்பினார்களாம். கணக்குக் கேட்டு நடையாய் நடந்து, வாசல் பெஞ்சில் காத்திருந்தபடியே கண்ணை மூடிவிட்டாராம். சொல்லி முடித்ததும் ஸ்டோர்காரர் அங்கே நிற்கவில்லை.

பாய்லர்காரர் ஓரடி பின்வாங்கினார். ஆனாலும் பயத்தைவிட எரிச்சல்தான் முட்டிக்கொண்டு வந்தது. உயிரோடு இருப்பவர்கள் அலைக்கழிப்பது போதாதென்று செத்தவருமா?

லாக்கருக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

"அண்ணே," என்றார் அந்த இருட்டைப் பார்த்து. "எனக்கும் உங்க கதிதான். நமக்குத் தர வேண்டியவன் மாடியில உக்காந்திருக்கான். நீங்க ஏன் என் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

மூச்சு நின்றது.

சட்டையைக் காணோம். தகரம் காய்ந்து கிடந்தது.

ஸ்டோர்காரரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, பேனா எடுக்க மேசை இழுப்பறைக்குள் கையை விட்டார்.

கை அப்படியே நின்றது.

வெளியே எடுத்தபோது விரலெல்லாம் நீலம். உள்ளே அந்த ஈரச்சட்டை மடிந்து கிடந்தது. அதற்குமேல் மேனேஜர் ஒரு சாக்கும் சொல்லவில்லை. அப்போதே செக் எழுதி நீட்டினார், நீலக் கறையோடு.

பாய்லர்காரர் வாங்கிப் பத்திரப்படுத்தினார். மேனேஜர் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கறை போகவில்லை.

"அதான் குடுத்தாச்சே. இன்னும் என்ன?"

"எனக்கு வந்திடுச்சு சார்," என்றார் பாய்லர்காரர், கதவருகே திரும்பி. "அண்ணன் கணக்கு இருக்கே."

மேனேஜருக்கு எதிரே இருந்த காலி நாற்காலியில், யாரோ உட்கார்ந்ததுபோல் மெத்தை அழுந்தியது. அதிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.