மூன்றாம் வகுப்பு, ஒகினுமா சயோகோ

அந்த அம்மா வந்த அன்று நல்ல மழை. ஒசாகாவில், நிப்போன்பாஷியில், எங்கள் வீடியோ கேம் கடைக்கு மூன்று மாடி. கீழே புதுசு, மேலே பழசு. மூன்றாம் மாடியில் ஜன்னலே கிடையாது. சுவர் முழுக்கப் பழைய கேம் கேசட்டுகள், நடுவில் என் மேசை. என் வேலை என்ன தெரியுமா? பேர் அழிப்பது.

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகள் கேசட்டை ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பார்கள். தொலைந்துவிடும் என்று முதுகுப்பக்கம் மார்க்கரால் பேரை எழுதிவைப்பார்கள் அம்மாக்கள். இன்று அதைச் சேகரிக்கிறவர்கள் பேரைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தால் ஐந்து நிமிஷத்தில் ஒரு பிள்ளை காலி. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

அந்த அம்மா கைக்குட்டையைப் பிரித்து ஒரே ஒரு கேசட்டை எடுத்து வைத்தார். ஒரு மலையூரில் நாள் நாளாக வாழ்ந்து பார்க்கிற விளையாட்டு, லேசில் கிடைக்காதது. முதுகில் வட்டவட்டமான எழுத்து: மூன்றாம் வகுப்பு, ஒகினுமா சயோகோ.

"தம்பி, பேர மட்டும் அழிச்சிடாதீங்க. பேரோடயே வித்துடுங்க."

"உங்க பொண்ணாம்மா?"

"அவ போயி இருபத்தொம்பது வருஷமாச்சு. அவ பேரச் சொல்லிக் கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கும் இனிமே ஆஸ்பத்திரிதான் வீடு. வாங்குறவங்க ஒரு தடவ படிச்சாப் போதும்."

"அழிக்க மாட்டேம்மா," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

பத்து நாள்கூடத் தாங்கவில்லை என் வாக்கு.

புது விளையாட்டுக் கன்சோல் வெளியாகிற நாளில்தான் பழசும் பறக்கும். புதுசை வாங்கினவன் வீட்டுக்குப் போய், அப்டேட் ஏறுகிற வரை கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய கேசட்டோ, செருகி அமுக்கினால் அடுத்த நொடி ஆட்டம். அதனால் வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் மேலே ஏறி வருவார்கள். "அந்த மலையூர் கேசட்டத் துடைச்சு வைடா நெசு. நாளைக்கு ஒரே கொத்தாக் கொத்திட்டுப் போயிடுவாங்க," என்றார் எங்கள் மாடி மேற்பார்வையாளர் ஹமாசாகி. நல்ல மனுஷன்தான், வாய் மட்டும் நீளம்.

துடைத்தேன். பிறகு கன்சோலில் செருகிப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு சேவ், பாதியில் சேமித்து வைத்த ஆட்டம், இருந்தது. சயோகோ, 41ஆம் நாள். அதையும் அழித்தேன். சுவிட்சை அணைத்தேன்.

அணைத்த பிறகும் அந்த மலையூர்ப் பாட்டு நிற்கவில்லை.

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு நின்றது.

மறுநாள் காலை வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. குலுக்கலில் பேர் விழுந்தவர்களுக்கு மட்டும்தான் கன்சோல் பெட்டி. வாங்கி அதிக விலைக்கு விற்கிறவர்களைத் தடுக்க எங்கள் கடையில் ஒரு வழக்கம்: வாங்குகிறவர் கண்முன்னே கம்பெனி முத்திரையைக் கிழித்து, பெட்டிமேல் அவர் பேரைப் பெரிசாக எழுதிக் கொடுப்போம். எழுத உட்கார வைத்தது என்னை.

"இத்தன நாள் அழிச்ச பாவத்த இன்னிக்கு எழுதித் தீர்த்துக்க," என்று ஹமாசாகி சிரித்தார்.

கழுத்தில் துண்டு போட்ட குண்டு மனிதர் ஒருவர் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் காட்டினார். "ஏம்ப்பா, என்னப் பாத்தா மூணாங்கிளாஸ் பொண்ணு மாதிரியா இருக்கு? இதோட வீட்டுக்குப் போனா, யாரு அந்த சயோகோன்னு என் பொண்டாட்டி கரண்டியத் தூக்குவா!"

வரிசையே சிரித்தது. பெட்டியைப் பார்த்தேன். வட்டவட்டமான எழுத்து. மூன்றாம் வகுப்பு, ஒகினுமா சயோகோ.

அடுத்த பெட்டியிலும் அதே பேர்.

அதற்கடுத்ததிலும்.

கை என்னுடையதுதான். எழுத்து என்னுடையதில்லை. ஹமாசாகி ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்து மூன்றையும் துடைத்தார். "தூக்கம் இல்லையாடா? எந்திரி, நான் எழுதுறேன்." துடைக்கத் துடைக்க என் தோளுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுவது கேட்டது. திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

குலுக்கலில் எனக்கும் ஒரு பெட்டி விழுந்திருந்தது. என் மகள் மினோரிக்கு. ஏழு வயசு. ஒரு மாதமாகக் காலண்டரில் நாளை அடித்து அடித்துக் காத்திருந்தாள். அவள் பேரை ஹமாசாகிதான் எழுதினார், நெசு மினோரி என்று. பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தேன்.

வீட்டில் பையிலிருந்து எடுத்தபோது பெட்டிமேல் ஒன்றுமே இல்லை. பளிச்சென்று இருந்தது. குப்பென்று ஸ்பிரிட் வாடை.

மினோரிக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்? மாட்டியாயிற்று, போட்டாயிற்று. புதுக் கன்சோலுக்குள் பழைய விளையாட்டுகள் ஒரு நூலகம் மாதிரி அடுக்கி இருக்கும். அத்தனை புதுசும் இருக்க, நேரே அதற்குள் போய் மலையூர் விளையாட்டைத் திறந்தாள். இன்றைக்கு வாங்கின பெட்டி. சேவ் எதுவும் இருக்கவே முடியாது.

இருந்தது. பேர் வருகிற இடம் காலி. பக்கத்தில், 42ஆம் நாள்.

"யார் ஆடுனது இது?" என்றேன்.

"ஒரு அக்காப்பா. பேர யாரோ அழிச்சிட்டாங்களாம், அழுதா. என் பேரக் கேட்டா. குடுத்துட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைச் சமாதானப்படுத்தினாள். "இரவல்தாம்ப்பா. திருப்பிக் குடுத்துடுவா."

ஓடிப்போய் அவள் பள்ளிக்கூடப் பையைக் கொட்டினேன். ஏப்ரலில், பள்ளியில் சேர்த்தபோது, கிரேயான் ஒவ்வொன்றிலும், எண்ணுகிற குச்சி ஒவ்வொன்றிலும் நான் உட்கார்ந்து பேர் எழுதினேன். குடையிலும் செருப்பிலும்கூட எழுதினேன். ஒன்றில்கூட ஒரு எழுத்து இல்லை.

"ஏங்க, நீங்க எழுதவே இல்லையா?" என்றாள் என் மனைவி கனாயே. "சரி, இப்ப எழுதிடுங்க. அவ பேரு..." பேனாவைப் பிடித்தபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். "ஐயோ, நாக்கு நுனியிலேயே நிக்குது பாருங்க," என்று சிரித்தாள்.

விடிந்ததும் கடைக்கு ஓடினேன். கேசட் விற்காமல் அங்கேயே இருந்தது. மார்க்கரால் அதன் முதுகில் எழுதினேன், ஒகினுமா சயோகோ. மை பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் எண்ணெய் மேல் தண்ணீர் மாதிரி உருண்டு வழிந்தது. திரும்ப எழுதினேன். திரும்ப வழிந்தது. அவளுக்கு அந்தப் பேர் இனி வேண்டாம் போல.

அந்த அம்மாவின் காலில் விழுந்தாவது கேட்கலாம் என்று ரசீதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸ் எடுத்தாள்.

"ஒகினுமா அம்மாவா? நேத்து ராத்திரி தவறிட்டாங்க சார். அமைதியாத்தான் போனாங்க. கடைசி வரைக்கும் பொண்ணு பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க."

"என்ன பேரு?"

"மினோரி, மினோரின்னு."

இப்போது வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது அவளைத் தாண்டிப் போய்விடுகிறாராம். "என்ன யாருமே கூப்பிட மாட்டேங்குறாங்கப்பா," என்று நேற்று என் மடியில் படுத்து அழுதாள். என் பிள்ளை! திரையில் மட்டும் அந்தப் பேர் பளிச்சென்று இருக்கிறது. மினோரி, 58ஆம் நாள். ஆடுவது எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

நான் மட்டும் மறக்கக் கூடாது. அதனால் தினமும் காலையில் இடது கையில் மார்க்கரால் எழுதிக்கொள்கிறேன். எங்கள் எழுத்தில் மூன்றே எழுத்துதான். இதை உங்களிடம் சொல்ல ஆரம்பித்தபோது மூன்றும் இருந்தன.

உங்களுக்கும் ஸ்பிரிட் வாடை வருகிறதா?

இரண்டுதான் இருக்கிறது.