கொதிமானி தொண்ணூறைத் தாண்டினால்

ஜெபமணி சாட்சிக் கூண்டில் ஏறியபோது முகத்தில் பவுடர் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. பின்னே, சும்மாவா? பக்கத்து வீட்டு வேதவல்லி கட்டின புருஷனைத் தோசைக்கல்லால் அடித்துக் கொன்ற வழக்கு. அந்தச் சேதியை அடுக்ககத்தின் எல்லா மாடிக்கும் விநியோகித்தவளுக்குச் சாட்சி சொல்லத் தெரியாதா?

எல்லோர் காதுக்குப் பின்னாலும் கொதிமானி பொருத்தியிருந்த காலம் அது. மனக் கொந்தளிப்பை நொடிக்கு நொடி அளந்து பதிந்துவைக்கும். கொன்ற நொடியில் அளவு தொண்ணூறைத் தாண்டியிருந்தால் அது கொலையே இல்லை, ‘கொந்தளிப்புக் கைப்பிழை’. சிகிச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். தாண்டாவிட்டால் ஆயுள் முழுக்கச் சிறை. மனுஷன் பொய் சொல்வான், கருவி சொல்லாது என்று சட்டம் போட்டவர்களுக்கு ஏகப் பெருமை.

வேதவல்லியின் கொதிமானிதான் அன்று புருஷன் அறைந்த அறையில் நொறுங்கிப்போயிருந்தது. பதிவு இல்லையென்றால் பழகியவர்களைக் கேட்பார்கள்.

“வேதவல்லி எப்படிப்பட்டவங்க, சொல்லுங்கம்மா” என்றார் அரசு வழக்கறிஞர், தேன் ஒழுக.

நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தால் ஆளை மீட்டுவிடலாம் என்பது ஜெபமணியின் கணக்கு. ‘நான் பார்த்துக்கிடுதேன்’ என்று வேதவல்லிக்குக் கண்ஜாடை காட்டினாள்.

“தங்கம் சார்! அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா. இவ புருஷன் சற்குணம் அண்ணாச்சி தினமும் போட்டு அடிப்பாரு. சுவத்துல காதை வச்சா... வைக்காமலே கேக்கும். இவ மூச்சு விடமாட்டா. மறுநாள் வீங்கின கன்னத்தோட எனக்கு ரசம் கொடுத்துவிடுவா.”

“கோபமே வராதா?”

“சத்தியமா வராது!”

“அக்கா, போதும்க்கா” என்று முனகினாள் வேதவல்லி.

“பாத்தீங்களா, இப்பவும் என்ன பொறுமை!”

வழக்கறிஞர் நீதிபதி பக்கம் திரும்பினார். “கொந்தளிக்கவே தெரியாதவர் கொந்தளித்துக் கொன்றிருக்க முடியாது, ஐயா. இது நிதானமாகச் செய்த கொலை. இறந்தவரின் பதிவைப் பாருங்கள், அடித்த நாளெல்லாம் தொண்ணூறுக்கு மேல். பாவம், மனம் தவித்தவர் அவர்தான்.”

ஜெபமணி கூண்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டினாள். “அப்ப... அண்ணாச்சி இவளைக் கொன்னிருந்தா?”

“விடுதலை ஆகியிருப்பார்” என்றார் நீதிபதி, மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. அதே மூச்சில் வேதவல்லிக்கு ஆயுள் சிறை என்றும் சொல்லி முடித்தார்.

வேதவல்லி அப்போதும் அழவில்லை. கீச்சென்று அலறியது ஜெபமணியின் கொதிமானி. சுவர்த்திரையில் அவள் பெயரும், பக்கத்தில் தொண்ணூற்று நான்கு என்ற எண்ணும் சிவப்பாய் எரிந்தன. காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கறிஞர் தேனெல்லாம் வற்றிப் பின்வாங்கினார்.

ஜெபமணி கூண்டை விட்டு இறங்கி மேடையைப் பார்த்து நடந்தாள்.

நீதிபதி, காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த பித்தளைக் குண்டை மெல்ல எடுத்து இழுப்பறைக்குள் ஒளித்தார். அளவு இறங்கும்வரை இவள் என்ன செய்தாலும் கைப்பிழைதான் என்பது அந்த அறையில் அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?