கட்டம் கட்டமாய் உடைந்த படங்கள்

மழை அவனைத் தொப்பலாக நனைத்திருந்தது. சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வந்த லேப்டாப்பில் மட்டும் ஒரு துளி இல்லை. டிசைன் ஆபீஸ் வாசலில் நின்றபடி, "இந்த ஃபைலைச் செஞ்சது யாருங்க?" என்றான்.

"நான்தான். என்ன இப்போ?" என்று எழுந்தாள் அவள். வாயைத் திறந்தால் வெடிப்பாள் என்பதால் கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பட்டாசு.

"ஆஸ்பத்திரி மீட்டிங்ல பெரிய திரையில போட்டேன். படமெல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சுபோச்சு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. குழந்தைங்களுக்குன்னு தனி வார்டு கேக்கறேங்க... நாளைக்கு இன்னொரு தடவை பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. அதுவும் சொதப்பினா அவ்வளவுதான்."

அவள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். சின்னத் திரையில் எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. "நல்லாத்தானே இருக்கு! முதல்ல போய் நல்ல டாக்டரா பாத்துக் கண்ணைக் காட்டுங்க சார்."

"காட்டலாம்... ஆனா எங்க ஆஸ்பத்திரியில கண் டாக்டரே நான்தாங்க."

ஆபீஸே கொல்லென்று சிரித்தது. அவளுக்கு மானம் போயிற்று. விட்டுக்கொடுப்பாளா? "அப்போ உங்க கம்ப்யூட்டர்தான் ஓட்டை. அதை ஓட்டறவங்களைப் போய்க் கேளுங்க!"

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். அம்மாடி, என்ன கண்கள்... கோபத்தைக்கூடச் சரியாகப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத கண்கள்! "சரிங்க" என்று மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அதன்பிறகுதான் அவள் அந்த ஃபைலைத் தன் பெரிய திரையில் முழுசாக விரித்தாள். அவன் சொன்னது அத்தனையும் நிஜம்.

அந்தப் பிடிஎஃப்பில் ஒரு பட்டனைத் தொட்டால் வீடியோ ஓடும். கண் கட்டுப் பிரித்த குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும். முதலில் அனுப்பியபோது ஃபைல் கனத்துப்போய் மெயிலில் ஏறவில்லை. கனமெல்லாம் வீடியோவில் இருக்க, இவள் அவசரத்தில் படங்களின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கி நசுக்கியிருந்தாள். கைக்குட்டை அளவுப் பெட்டிக்குள் ஓடும் வீடியோவையோ, தியேட்டரில் ஓட்டுகிற அளவிலேயே விட்டிருந்தாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாலபாடம் இது!

வீடியோவைச் சுருக்கினாள். படங்களுக்குப் பழைய தரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஃபைல் முன்னைவிடச் சின்னதாகவே வந்தது. அனுப்பும்போதாவது உண்மையை எழுதியிருக்கலாம். பாழாய்ப்போன ரோஷம் விட்டால்தானே? 'உங்க பழைய கம்ப்யூட்டருக்காகத் தனியா செஞ்சது' என்று எழுதி அனுப்பினாள். சீ... நானெல்லாம் ஒரு மனுஷியா?

மறுநாள் அவன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"வார்டு கிடைச்சிருச்சுங்க! நேத்து உங்க மேல பழி போட்டதுக்கு சாரி. நீங்க சொன்னதுதான் சரி. எங்க கம்ப்யூட்டரைப் பாத்துக்கற அக்காவை எல்லார் முன்னாடியும் பிடிச்சுத் திட்டிட்டேன். பாவம், அழுதுட்டாங்க..." கொஞ்சம் தயங்கினான். "வந்து... ஒரு டீ குடிக்கப் போலாமா?"

அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"டீ வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

வழியெல்லாம் மழை. ஒரே குடைக்குள் அவன் தோள் உரசியது... அதை ரசிக்கக்கூட அருகதை இல்லை என்று ஒதுங்கி நனைந்தாள்.

அந்த அக்கா கம்ப்யூட்டர் அறையில், கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். நர்ஸுகள் நாலு பேர் இருந்தார்கள். இவள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "அக்கா, தப்பு உங்க மேல இல்ல. உங்க கம்ப்யூட்டர் மேலயும் இல்ல. படத்தைக் கெடுத்தது நான். தெரிஞ்சும் மறைச்சேன். மன்னிச்சிருங்க."

அக்கா அவளைப் பார்க்கவில்லை. டாக்டரைத்தான் பார்த்தாள். அவன் முகம் செத்துப்போயிற்று. "சாரிக்கா... தீர விசாரிக்காம உங்களைத் திட்டிட்டேன்" என்றான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போங்க, போய் வேலையைப் பாருங்க" என்றாள்.

இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். மழை இன்னும் ஓயவில்லை.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. ஏன் சொன்னீங்க?"

"உங்களைப் பிடிச்சுப்போச்சு... அதான்" என்றாள். "பிடிக்காம இருந்திருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன். அந்த அக்கா அழுதுக்கிட்டே இருந்திருப்பாங்க. அதை நினைச்சாத்தான் என் மேல எனக்கே அருவருப்பா இருக்கு."

அவன் சுவரில் சாய்ந்தான். "நேத்தே எனக்கு உறுத்துச்சுங்க. கம்ப்யூட்டர் படத்தை உடைக்குமா என்ன? ஆனா உங்க மேல தப்பு இருக்கக்கூடாதுன்னு மனசு அடிச்சுக்கிச்சு. அதான் பாவம், அவங்க மேல பாய்ஞ்சேன்... முதல் பார்வையிலேயே விழுந்துட்டு, பழியை அடுத்தவங்க தலையில போட்டவன் நான்."

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவன் காதுவரை சிவந்திருந்தான். எதிரே நிற்கிறவள் முகத்தைப் பார்க்க அவனுக்கும் கூச்சமாக இருந்தது. பார்வை தரையில் இருக்க, கை மட்டும் மெல்ல நீண்டு அவள் விரலைத் தேடிப் பிடித்தது.