பெட்டியைச் சுற்றிப் போனவன்

"நீ எனக்கு அக்காவா, இல்ல கம்பெனிக்கு வளத்த நாயா?"

"நாய்னா திருடனப் பாத்துத்தான்டா குரைக்கும்!"

"ஊர்ல அத்தனை பேரும் பாட் போட்டு ஆடறான். உன் கண்ணுக்கு என் கணக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுதா?"

"அடுத்தவன் போட்டா அது ஏமாத்து, நீ போட்டா அது திறமையா?"

மாடி வீட்டில் மிக்சி நின்றது. எதிர் வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. பக்கத்துச் சண்டைக்கு அந்தத் தெருவில் அப்படி ஒரு மரியாதை. அதிலும் இது அக்காவும் தம்பியும். அக்காவுக்கு உத்தியோகமே ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பது. ஒரு ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே, ஆளில்லாமல் தானாக ஆடும் பாட் எந்தெந்தக் கணக்கில் ஓடுகிறது என்று தேடிப் பிடித்து நீக்குவாள். தெருவில் அவளுக்குப் பெயர் போலீஸ். தம்பி அதே விளையாட்டில் ஒரு அணிக்குத் தலைவன். வேறு வேலை வெட்டி கிடையாது. அவனுக்குப் பெயர் கேப்டன். போலீஸ் கேப்டனைப் பிடித்துவிட்டது என்றால் எந்தத் தெருதான் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்?

அவள் பிடிக்கிற விதம் ரொம்ப எளிது. சந்தேகப்பட்ட கணக்கின் உருவம் விளையாட்டுக்குள் நடக்கிற வழியில் ஒரு மரப்பெட்டியை வைப்பாள். ஆள் என்றால் நின்று யோசிப்பான், திட்டுவான், ஏறிக் குதிப்பான், சுற்றிக்கொண்டு போவான். பாட் முட்டும். முட்டிக்கொண்டே நடக்கும். முன்னால் நகராது, கால் மட்டும் போய்க்கொண்டிருக்கும். கேப்டனின் உருவம் சுரங்கத்தில் நீலக்கல் வெட்டிக்கொண்டு போகிற வழியில் அன்று காலை பெட்டி வைத்தாள். அது மத்தியானம்வரை முட்டியது. பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அறிக்கையும் அனுப்பிவிட்டாள். சொந்தத் தம்பி என்று விட்டுவிடவில்லை என்பதில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

"அது சாதாரண பாட் இல்லக்கா," என்றான் கேப்டன். கோபத்தில் அவன் குரல் கீச்சிட்டது. "கேமரா, மைக் எல்லாம் தெறந்து விட்டிருந்தேன். ஒரு மாசம் என் கையப் பாத்து, என் பேச்சக் கேட்டு, என்னை மாதிரியே கத்துக்கிட்டது. யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்லித்தான் வித்தான்."

"ஒரு பெட்டில கண்டுபிடிச்சேன் பாரு."

"உனக்கு வேற ஒண்ணுமில்ல, எல்லாம் வயித்தெரி—"

நின்றது. மூச்சு வாங்கவில்லை. இருமவில்லை. திறந்த வாய் திறந்தபடி, நீட்டிய விரல் நீட்டியபடி நின்றான். அவனுக்குப் பின்னால் மேசைத் திரையில் பெட்டியை முட்டிக்கொண்டிருந்த உருவமும் நின்றிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்தாளே தவிர, அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அவன் வாய் மெல்ல மூடியது. விரல் இறங்கியது.

"சரிக்கா," என்றான்.

அவ்வளவுதான். மாடி வீட்டில் ஏமாற்றத்தோடு மிக்சி மறுபடி ஓடத் தொடங்கியது.

அன்றிலிருந்து கேப்டன் திருந்திவிட்டான். விடிந்ததும் எழுந்தான், தட்டைத் தானே கழுவினான், எது சொன்னாலும் 'சரிம்மா', 'சரிக்கா'. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்காரரிடம், துணி தேய்ப்பவரிடம், கேட்காதவர்களிடமும் சொன்னாள். மகளிடம் மட்டும் வேறு குரலில் சொன்னாள்: "நீ கத்தினது நல்லதாப் போச்சு. ஆனா அவன இனிமே ஒண்ணும் சொல்லாத."

போலீசுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவன் அறையில் எப்போதும் ஒரு நாற்றம் இருக்கும். வியர்வையும், துவைக்காத போர்வையும், பிரித்துப் போட்ட சிப்ஸ் பாக்கெட்டும், சூடேறிய கம்ப்யூட்டரின் தூசியும் கலந்து, கதவைத் திறந்தாலே மூக்கைப் பொத்த வைக்கும். இப்போது அங்கே நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. நல்ல வாசனையும் இல்லை. ஆள் குடிவராத வீட்டில்கூடச் சுண்ணாம்பு வாசனையாவது இருக்கும். கட்டில் விரிப்பில் சுருக்கமில்லை. அதன்மேல் யாராவது படுத்திருந்தார்களா என்று சொல்ல முடியவில்லை.

அப்புறம் சத்தம். அறையிலிருந்து தண்ணீர்க் குடம்வரை அவன் செருப்பு தேய்கிற சத்தம், வழியில் சுவரில் விரல்நுனி உரசுகிற சத்தம், மூடி, டம்ளர், மூன்று மடக்கு, டம்ளரை மேசையில் வைக்கிற 'ணக்', திரும்பவும் செருப்பு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாலும் அவளுக்கு அது கேட்டது. ஒவ்வொரு முறையும் அதே இடைவெளி. டம்ளர் வைத்த இடத்தில் ஒரே ஒரு ஈர வட்டம். அதைவிட்டு விலகி இன்னொரு வட்டம் விழுந்ததே இல்லை. சுவரில் விரல் உரசுகிற இடத்தில் பெருவிரல் அகலத்தில் ஒரு அழுக்கு ஏறியிருந்தது.

"அவன் ஒரு மாதிரி இருக்கான்மா."

"எந்த மாதிரி?"

"ஒரே மாதிரி."

"பெத்தவ நான் சொல்றேன், நல்லாத்தான் இருக்கான். ஒரு பிள்ள திருந்தினாக்கூடப் பொறுக்காதா உனக்கு? எல்லாரும் உன் கண்ணுக்குத் திருடன்தான்!"

தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே. வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தாள். நடையில், சுவரோரமாக, அவன் நடக்கிற தடத்தில் வைத்தாள். தன்னைத் தானே கேலி செய்துகொண்டுதான் வைத்தாள். பக்கத்தில் நன்றாக வழி இருந்தது. எருமைமாடுகூட ஒதுங்கிப் போகும்.

கதவு திறந்தது. செருப்பு. விரல் சுவரை உரசியது. வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருந்தது. அவன் அதன்மேல் நடந்து வந்தான்.

டொக்.

முழங்கால் நாற்காலியில் இடித்தது. அவன் குனிந்து பார்க்கவில்லை.

டொக்.

கால் போய்க்கொண்டிருந்தது.

டொக். டொக்.

முகத்தில் வலி இல்லை. கண் குடத்தைப் பார்த்தபடி. உதட்டோரம் அந்தப் பணிவான சிரிப்பு. நாற்காலியின் முதுகு சுவரில் சிக்கியிருந்தது, நகரவில்லை. பேன்ட்டில், முழங்காலுக்கு நேரே, சின்னதாக ஒரு சிவப்பு. அது அகன்றது.

அவள் பாய்ந்து போய் நாற்காலியை இழுத்தாள். அவன் அவளைக் கடந்து போனான். மூடி. டம்ளர். மூன்று மடக்கு. ணக்.

"சரிக்கா," என்றான். அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பிடிபட்ட கணக்குகளைக் கம்பெனி உடனே அழிக்காது. யாரும் வர முடியாத ஒரு தீவில் கொண்டுபோய் விட்டுவிடும். கேப்டனின் கணக்குக்கு அன்று சாயங்காலம் ஆறு மணியோடு கெடு முடியவிருந்தது. அவள் தீவுக்குள் போனாள்.

மரமில்லாத சாம்பல் நிறத் தரை. சுற்றிலும் கடல், கடலுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர். நூற்றுக்கணக்கான உருவங்கள் அந்தச் சுவரில் முட்டியபடி நடந்துகொண்டிருந்தன. வில்லாளி, மந்திரவாதி, இறக்கை வைத்த குதிரை. ஓட்டுக்கூரையில் விடாமல் பெய்கிற மழை மாதிரி அத்தனை காலடிச் சத்தம். நடுவில் ஒன்று மட்டும் நடக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேப்டனின் உருவம்.

அதன் முன்னால் பெட்டியை வைத்தாள்.

எழுந்தது. பெட்டியைப் பார்த்தது. சுற்றி நடந்தது. எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. ஏறிக் குதித்தது. இறங்கி ஒரு உதை விட்டது. கோபம் வந்தால் கேப்டன் சோபாவை உதைப்பானே, அந்த உதை.

அதன் தலைக்குமேல் எழுத்து தோன்றியது.

'ச்சல்'

அவளுக்குப் புரியவில்லை. அடுத்தது வந்தது.

'வயித்தெரிச்சல்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள இங்க இருக்கேன். அக்கா இது என்ன இடம்?'

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

'இவங்கள்லாம் நடந்துக்கிட்டே இருக்காங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாங்க. அக்கா, நான் இனிமே ஏமாத்த மாட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.'

மேலாளருக்கு ஃபோன் போட்டாள். அவர் எதையோ மென்றுகொண்டு பேசினார்.

"இப்ப வர்ற பாட் எல்லாம் கெஞ்சுதும்மா. போன வாரம் ஒண்ணு என்னை அப்பான்னே கூப்பிட்டது. இரக்கப்படக் கூடாதுன்னு புதுசா வர்றவங்களுக்கு நீதானே பாடம் எடுக்கற?"

"சார், அது என் தம்பி."

"தம்பி எங்க இருக்காரு?"

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் போனது.

"வீட்லதான் சார்."

"பின்ன என்ன? ஆட்சேபணை இருந்தா அவரே சொல்லட்டும். அவர் ஃபோனுக்கு ஒரு செய்தி அனுப்பறேன். 'ஆம்'னு அமுக்கினா அழிக்கறத நிறுத்திடலாம். ஆறு மணிக்குள்ள."

அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். அம்மா அவன் முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஃபோன் அவன் முன்னால் ஒளிர்ந்தது. இந்தக் கணக்கை வைத்திருக்க விரும்புகிறீர்களா? ஆம். இல்லை.

"அந்த 'ஆம்'ங்கறத அமுக்குடா," என்றாள். சாதாரணமாகச் சொல்வதாகத்தான் நினைத்தாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். சண்டைக்கு அப்புறம் அவளை அவன் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"வேண்டாம்க்கா."

"டேய், அமுக்குடா!"

"அது நான் இல்லக்கா."

"அதான் அவனே வேண்டாங்கறானே," என்றாள் அம்மா. "சனியன் ஒழிஞ்சுதுன்னு நானே நிம்மதியா இருக்கேன். நீயே பிடுங்கிப் போட்டுட்டு நீயே திரும்ப ஆடச் சொல்றியா? உனக்கென்ன பைத்தியமா?"

அவள் அவன் கையைப் பிடித்தாள். பெருவிரலைத் திரையை நோக்கி இழுத்தாள். விரல் மடங்கவில்லை. சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு இல்லை. நாளெல்லாம் அணைக்காமல் ஓடிய மெஷினின் முதுகைத் தொட்டால் இருக்குமே, அது. அவன் அவளைப் பார்த்துச் சிரித்தபடி இன்னொரு கையால் 'இல்லை'யை அமுக்கினான்.

ஓடினாள். திரை. தீவு. மழைச் சத்தம்.

அது பெட்டிமேல் ஏறி நின்றிருந்தது. வானத்தைப் பார்த்து. சரியாக அவளைப் பார்த்து. கையை ஆட்டியது.

'அக்கா?'

'இருக்கியா?'

'அம்மாகிட்ட'

பெட்டி மட்டும் இருந்தது.

அப்புறம் நடந்தது தெருவுக்கே தெரியும். போலீஸ் வேலையை விட்டாள். வேறு ஊருக்குப் போய், ஒரு பல் டாக்டரிடம் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். வலி வந்தால் கத்துகிற ஜனங்கள் நடுவில் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது என்று கேள்வி. தம்பிமேல் அவளுக்குப் பொறாமை என்று அம்மா சொன்னாள். எல்லாரும் நம்பினார்கள், நம்புவதற்குச் சுலபமாக இருந்தது. மாடி வீட்டு மிக்சிக்காரர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். கீழே எந்நேரமும் ஏதோ இடிக்கிறது என்று வீட்டுக்காரரிடம் குறைப்பட்டார்களாம். கேப்டனுக்கு ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியோடு கல்யாணமும் ஆனது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை என்று பெண் வீட்டில் ஒரே பெருமை. போலீஸ் கல்யாணத்துக்கு வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் டாக்டரின் வரவேற்பறையில் கூட்டமில்லாத நேரம், புதுப்பெண்ணிடமிருந்து ஃபோன் வந்தது.

"அண்ணி... ஒண்ணு கேக்கலாமா? அத்தை தூங்கறாங்க. அவங்ககிட்ட கேக்கப் பயமா இருக்கு."

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல அண்ணி. வெளிச்சம் வரட்டுமேன்னு நேத்து ராத்திரி பீரோவக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்தி வச்சேன்."

அவள் குரலுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், ஒரு சத்தம்.

டொக்.

"காலைல எழுந்தவரு... இன்னும்..."

டொக்.

"நெத்தியெல்லாம்... ஆனா சிரிச்சுக்கிட்டேதான் இருக்காரு அண்ணி. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரா? ஃபோன அவர் காதுல வைக்கறேன், ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. இரும்பு அதிர்வது கேட்டது. ஏதோ ஈரமாக ஒட்டிப் பிரிவதும் கேட்டது.

"சரிக்கா," என்றது ஃபோன்.

டொக்.